கியர் மாறும் அரை நொடி: இரட்டைக் கிளட்ச்சும் மேனுவலும் எங்கே பிரிகின்றன?

ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் சற்று நேரத்தில் அது கியரில் வந்து நிற்கும். "மேனுவல் ஓட்டத் தெரிந்தவர்தான் ஓட்டுநர்" என்பார் ஒருவர். "இரட்டைக் கிளட்ச் வந்த பிறகு மேனுவலுக்கு என்ன வேலை?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "எல்லாம் ஆட்டோமேட்டிக்தானே, பெயர்தான் வேறு" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அந்த மூன்றாவது வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ் பிறப்பால் மேனுவலின் உடன்பிறப்பு. கிளட்ச் பெடல் இல்லாமல் ஓடுகிறது என்ற ஒரே காரணத்தால் அதைக் கொண்டுபோய் வேறு குடும்பத்தில் சேர்த்துவிடுகிறோம். குடும்பத்தைத் தவறாகச் சொல்லிவிட்டால் அதன் குணமும் குறையும் எதுவுமே விளங்காது; பிறகு நடப்பதெல்லாம் வெறும் கட்சிச் சண்டை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிறிய இடைவெளியில் அடங்கியிருக்கிறது. ஒரு கியரை விட்டு அடுத்த கியருக்குப் போகும் அரை நொடிதான் அது. அந்த அரை நொடியில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கியர் எதற்கு?

சைக்கிளில் மேடு ஏறியவர்களுக்குக் கியரின் தேவையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்களுக்கு வசதியான ஒரு வேகம் உண்டு. அதற்கு மிகவும் கீழே போனால் பெடல் நகர மறுக்கும். மிகவும் மேலே போனால் கால் வீணாகச் சுழலும். மேடு வந்தாலும் பள்ளம் வந்தாலும் கால்களை அந்த வசதியான வேகத்திலேயே வைத்திருக்கக் கியர் உதவுகிறது.

கார் என்ஜினும் அப்படித்தான். நிமிடத்துக்கு இத்தனை சுற்றிலிருந்து இத்தனை சுற்று வரை என்ற ஓர் எல்லைக்குள்தான் அது முழு வலிமையோடு உழைக்கும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்த எல்லை மிக உயரத்தில் இருக்கிறது. ஓட்டுபவர் என்ஜினை அங்கேயே பிடித்துவைக்க அடிக்கடி கியர் மாற்ற வேண்டியிருக்கிறது. அதனால்தான் கியர் பாக்ஸைப் பற்றிய வாக்குவாதம் மற்றக் கார்களைவிட ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு சூடாக இருக்கிறது.

சைக்கிளிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். மேட்டின் நடுவில் கியர் மாற்றும்போது ஒரு கணம் பெடலின் மீதுள்ள அழுத்தத்தைத் தளர்த்துகிறோம். தளர்த்தாவிட்டால் சங்கிலி உறுமிக்கொண்டு முரண்டு பிடிக்கும். தளர்த்திய அந்தக் கணத்தில் சைக்கிளின் வேகம் சட்டென்று விழுவதையும் உணர்ந்திருப்போம். இந்தக் கட்டுரை முழுவதும் நாம் துரத்தப்போவது அந்தக் கணத்தைத்தான்.

கிளட்ச்: சேர்க்கவும் பிரிக்கவும்

இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று வைத்து, ஒன்றை மட்டும் வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். மெல்ல வைத்தால் ஒன்று நழுவும், மற்றது அசையாது. சற்று அழுத்தினால் இரண்டாவது கை கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். இறுக அழுத்தினால் இரண்டும் ஒன்றாகச் சுழலும். கிளட்ச் என்பது இதுதான்: என்ஜினோடு சுழலும் ஒரு தட்டு, கியர் பாக்ஸோடு இணைந்த ஒரு தட்டு, இரண்டையும் அழுத்திச் சேர்க்கும் ஒரு வில்.

என்ஜின் நின்றுவிடாமல் தொடர்ந்து சுழல வேண்டும். சக்கரமோ சில சமயம் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் சமாதானம் செய்துவைப்பது கிளட்ச். கார் நகரத் தொடங்கும்போது தட்டுகள் சிறிது நேரம் உரசி நழுவுகின்றன. அந்த நழுவல்தான் காரைக் குலுக்காமல் கிளப்புகிறது. உரசினால் சூடு பிறக்கும், தட்டு தேயும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேனுவலில் அந்த அரை நொடி

கியர் மாற்றுவது என்றால் ஒரு பல்சக்கரத்தை நகர்த்திக்கொண்டுபோய் இன்னொன்றில் பொருத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கார்களில் அது சரி. இன்றைய கியர் பாக்ஸில் எல்லாப் பல்சக்கர இணைகளும் எப்போதும் பிணைந்தே இருக்கின்றன, எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒரு சக்கரம் மட்டும் தன் தண்டின்மீது பூட்டப்படாமல் தனியாகச் சுற்றுகிறது. நாம் இரண்டாவது கியரைப் போடும்போது அந்த இணையின் தனிச் சக்கரம் தண்டோடு பூட்டப்படுகிறது. கியர் போடுவது என்பது ஒரு பூட்டைத் திறந்து இன்னொன்றைப் பூட்டுவதே.

பூட்ட வேண்டிய இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால்? ஓடும் பஸ்ஸில் தாவி ஏறத் துணிபவர், நின்ற இடத்திலிருந்து பாய்வதில்லை. பஸ்ஸின் வேகத்துக்குக் கூடவே சில அடி ஓடுவார். கியர் பாக்ஸுக்குள் அந்தச் சில அடி ஓட்டத்தைச் செய்வது சிங்க்ரோனைசர் என்னும் சிறிய வளையம். பூட்டு விழுவதற்கு முன் உரசி இரண்டு வேகத்தையும் சமன்செய்கிறது. 1928-இல் காடிலாக் இதைத் தன் கார்களில் கொண்டுவந்தது. அதற்கு முன் இந்த வேலையும் ஓட்டுபவரின் காதையும் காலையும் நம்பியே நடந்தது. தவறினால் பல்சக்கரங்கள் கரகரவென்று அலறும்.

இப்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிறோம். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எழுகிறது, கிளட்ச் பெடல் கீழே போகிறது. என்ஜின் பிரிந்துவிட்டது. கை கியர் லீவரை நகர்த்துகிறது. இரண்டின் பூட்டுத் திறக்கிறது, சிங்க்ரோனைசர் வேகத்தைச் சமன்செய்கிறது, மூன்றின் பூட்டு விழுகிறது. கிளட்ச் மேலே வருகிறது, ஆக்சிலரேட்டர் மீண்டும் அழுத்தப்படுகிறது.

சாதாரணமாக இதற்கு அரை நொடி போலப் பிடிக்கும். பழகியவர் இன்னும் வேகமாகச் செய்வார். ஆனால் எவ்வளவு பழகினாலும் இந்த நேரம் பூஜ்யம் ஆகாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி என்பது ஏறக்குறைய 14 மீட்டர். அந்த 14 மீட்டரும் கார் தன் ஓட்ட வேகத்தில் போகிறதே தவிர, என்ஜின் அதைத் தள்ளவில்லை. மேட்டு நடுவில் பெடலைத் தளர்த்திய சைக்கிளின் நிலைதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மேனுவலில் ஒரே ஒரு கிளட்ச் இருக்கிறது. ஒரு பூட்டைத் திறந்து இன்னொன்றைப் போட அந்தக் கிளட்ச் பிரிந்தாக வேண்டும். பிரிந்திருக்கும் வரை சக்கரத்துக்கு விசை இல்லை.

கிணற்றுக் கயிறும் இரண்டு கைகளும்

உருளை இல்லாத கிணற்றில் வாளியை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கையால் இழுத்தால் என்ன ஆகும்? ஒரு முழம் இழுத்த பிறகு அடுத்த பிடிக்காகக் கையைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்திய கணத்தில் வாளி சரியும். ஆனால் யாரும் அப்படி இழுப்பதில்லை. வலக்கை இழுத்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை கீழே போய்க் கயிற்றைப் பற்றிக்கொள்கிறது. இடக்கை இறுகிய பிறகுதான் வலக்கை விடுகிறது. வாளி ஒரு கணமும் நிற்காமல் மேலே வருகிறது.

இரட்டைக் கிளட்ச்சின் கருத்து முழுவதும் இந்தக் கைமாற்றலில் இருக்கிறது. ஒரே கூட்டுக்குள் இரண்டு மேனுவல் கியர் பாக்ஸ்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படைக் கியர்கள் ஒன்றில். இரண்டு, நான்கு, ஆறு என்ற இரட்டைப்படைக் கியர்கள் மற்றதில். இரண்டு தண்டுகளும் அருகருகே நின்றால் இடம் கொள்ளாது என்பதால் ஒன்றைக் குழாயாகச் செய்து, மற்றதை அதன் உள்ளே செருகியிருக்கிறார்கள். பல்சக்கரம், பூட்டு, சிங்க்ரோனைசர் எல்லாம் மேனுவலில் பார்த்தவையே. அவற்றை நகர்த்துவது மட்டும் எண்ணெய் அழுத்தமோ மின்மோட்டாரோ. எப்போது நகர்த்துவது என்று சொல்வது ஒரு கணினி.

கார் இரண்டாவது கியரில் சீறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரட்டைப்படைக் கிளட்ச் இறுகியிருக்கிறது, விசை அதன் வழியே போகிறது. ஒற்றைப்படைக் கிளட்ச் திறந்திருக்கிறது, அந்தப் பக்கத்துத் தண்டுக்கு வேலை இல்லை. அந்தச் சும்மா இருக்கும் தண்டில் மூன்றாவது கியரைக் கணினி இப்போதே பூட்டிவைத்துவிடுகிறது. இதற்கு முன்தேர்வு என்று பெயர். இடக்கை கயிற்றைப் பற்றிவிட்டது. இன்னும் இழுக்கத் தொடங்கவில்லை.

கியர் மாற்றும் கட்டளை வரும்போது பாக்கி இருப்பது ஒன்றுதான். ஒரு கிளட்ச் தளர, மற்றது இறுக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றின்மேல் ஒன்று கவிந்தபடி நடக்கின்றன. ஒரு கணம் இரண்டு கிளட்ச்சுகளும் பாதி பாதி சுமையைத் தாங்குகின்றன. இரண்டு கியர்கள் ஒரே சமயத்தில் பூட்டியிருந்தால் கியர் பாக்ஸ் இறுகி நின்றுவிடாதா என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. நிற்காததற்குக் காரணம், அந்த நேரத்தில் கிளட்ச் தட்டுகள் சற்றே நழுவிக்கொண்டிருப்பதுதான். நழுவல் அதிகமானால் என்ஜின் வீணாக உறுமும். குறைந்தால் கார் குலுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே எண்ணெய் அழுத்தத்தை அளந்து அளந்து நடத்துவதுதான் இந்த இயந்திரத்தின் உண்மையான கைவண்ணம். பல்சக்கரங்களைவிட அந்தக் கட்டுப்பாட்டு நிரலை எழுதியவர்களிடம்தான் எனக்கு மரியாதை அதிகம்.

சுருக்கமாக: இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸில் அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்கிறது. கைமாற்றல் மட்டுமே மிச்சம். சக்கரத்துக்குப் போகும் விசை அறுபடுவதில்லை.

ஊகம் தவறும்போது

அடுத்து எந்தக் கியர் வேண்டும் என்பது கணினியின் ஊகம். ஆக்சிலரேட்டரின் நிலை, காரின் வேகம், பிரேக், ஸ்டியரிங் இவற்றைப் பார்த்து அது முடிவெடுக்கிறது. நான்காவது கியரில் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்றால் ஐந்தாவதைத் தயார்செய்து வைக்கும். அந்த நேரத்தில் ஓட்டுபவர் திடீரென்று மூன்றைக் கேட்டால்? ஐந்தின் பூட்டைத் திறந்து, அதே தண்டில் மூன்றைப் பூட்டி, அதன் பிறகுதான் கைமாற்ற முடியும். ஒரு சிறு தாமதம் தெரியும்.

ஆறிலிருந்து நேரே நான்குக்கோ இரண்டுக்கோ தாவுவது இன்னும் சிக்கல். இந்த மூன்று கியர்களும் ஒரே தண்டில் இருப்பவை. ஒரே கையால் விட்டுவிட்டு அதே கையால் பிடிக்கிற கதை. நடுவில் ஒற்றைப்படைக் கியர் ஒன்றைத் தொட்டுச் செல்வது ஒரு வழி. இல்லையென்றால் ஒரு கணம் விசையை விட்டுக்கொடுக்க வேண்டும். விளம்பரங்களில் மில்லி நொடிக் கணக்குகளைப் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும். அந்த எண்கள் ஊகம் பலித்த கியர் மாற்றத்துக்கு உரியவை. பல நேரங்களில் கிளட்ச் கைமாறும் நேரத்தை மட்டும் சொல்பவை.

பெடல் இல்லாததெல்லாம் இரட்டைக் கிளட்ச் அல்ல

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு சிறிய துடுப்புகள் இருந்தாலே அது இரட்டைக் கிளட்ச் என்று முடிவுகட்டுவது மிகப் பரவலான பிழை. அந்தத் துடுப்புகள் வெறும் சுவிட்ச்சுகள். அவற்றை எந்த வகைக் கியர் பாக்ஸிலும் பொருத்தலாம்.

மரபான ஆட்டோமேட்டிக்கில் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே உரசும் தட்டுக்குப் பதில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. ஓடும் மின்விசிறியின் முன் ஓடாத விசிறி ஒன்றை வைத்தால் அதுவும் காற்றுப் பட்டுச் சுழலத் தொடங்குமல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெயை நிரப்பி, இரண்டு விசிறிகளையும் ஒரே கூட்டில் அடைத்தால் கிடைப்பது அதுதான். எண்ணெய் வழியாக விசை கடப்பதால் கிளம்பும்போது அத்தனை மென்மை. அந்த எண்ணெயில் கொஞ்சம் விசை சூடாக வீணாகும் என்பதால், ஓடத் தொடங்கியதும் ஒரு பூட்டுக் கிளட்ச் இரண்டையும் இறுகச் சேர்த்துவிடுகிறது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஒரே கிளட்ச் உள்ள மேனுவலை எடுத்து, ஓட்டுபவரின் கை கால் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிடுவது. 1989-இல் ஃபெராரி ஃபார்முலா 1 பந்தயத்தில் துடுப்பால் இயங்கும் கியர் பாக்ஸை இறக்கியது. நைஜல் மான்செல் அந்த ஆண்டின் முதல் பந்தயத்தை, பிரேசிலில், அந்தக் காரில் வென்றார். 1997-இல் அதன் சாலை வடிவம் எஃப்355 காருக்கு வந்தது. கை கால் வேலை போனது, இடைவெளி போகவில்லை. கிளட்ச் ஒன்றுதானே! அவசரமில்லாமல் ஓட்டும்போது ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் உள்ளே இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடும். அந்தத் தலையாட்டலைக் கண்டு வெறுத்த பலர், பின்னால் வந்த இரட்டைக் கிளட்ச்சின்மீதும் அதே பழியைப் போட்டார்கள். அது நியாயமற்ற பழி.

ஏன் இவ்வளவு தாமதம்?

கருத்து பழையது. பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்திலேயே இரட்டைக் கிளட்ச் அமைப்பை வகுத்துவிட்டார். தயாரிப்புக்கு அது வரவில்லை. தளர்வதும் இறுகுவதும் இவ்வளவு நுட்பமாக ஒத்துப்போக வேண்டிய ஒரு வேலையை நடத்த, வேகமாகக் கணக்கிடும் ஒரு மூளை தேவைப்பட்டது. அந்த மூளை மலிவாகவும் சிறியதாகவும் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

1980-களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் இதைச் சோதித்தது. 956, 962 ஆகியவை டர்போ கார்கள், அதாவது என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிப்பவை. மேனுவலில் கியர் மாற்றும்போது கால் எழுந்தால் டர்போவின் காற்றழுத்தம் சரிந்து, மீண்டும் ஏறச் சிறிது நேரம் பிடிக்கும். இரட்டைக் கிளட்ச்சில் காலை எடுக்கவே வேண்டாம் என்பதால் டர்போ ஓய்வதில்லை. ஆரம்பத்தில் கனமும் கோளாறுகளும் வாட்டின. ஆனாலும் 1986-இல் மோன்சாவில் 962 கார் இந்தக் கியர் பாக்ஸோடு உலக சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றை வென்றது. போர்ஷே இதற்கு வைத்த பெயர் பிடிகே. இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் சுருக்கம்.

சாலைக்கு முதலில் வந்தது வேறு வழியாக. 2003-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32, ஆடி டிடி கார்களில் டிஎஸ்ஜி என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2005-இல் புகாட்டி வேரான், 2007-இல் நிஸான் ஜிடி-ஆர், 2008-இல் போர்ஷே 911. 2009-இல் அறிமுகமான ஃபெராரி 458 இத்தாலியாவுக்கு மேனுவலே கிடையாது. 2020 மாடல் செவர்லே கார்வெட்டும் மேனுவலைக் கைவிட்டு இரட்டைக் கிளட்ச்சோடு மட்டுமே வந்தது.

ஒரே கார், இரண்டு கியர் பாக்ஸ்

வாதத்தை எண்களால் சோதிக்க மிக நல்ல கார், 2021-இல் வந்த போர்ஷே 911 ஜிடி3. அதே 4 லிட்டர் என்ஜின், அதே உடல். கியர் பாக்ஸ் மட்டும் வாங்குபவரின் விருப்பம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட 7 கியர் பிடிகேவுக்கு 3.4 நொடி, 6 கியர் மேனுவலுக்கு 3.9 நொடி என்கிறது போர்ஷே. எடையில் மேனுவல் 1,418 கிலோ, பிடிகே 1,435 கிலோ. உச்ச வேகத்தில் மேனுவல் மணிக்கு 320 கிலோமீட்டர், பிடிகே 318.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த அரை நொடி வித்தியாசம் முழுவதும் கியர் மாற்றத்தில் மிச்சமானது அல்ல. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கிளட்ச்சை எவ்வளவு நழுவவிடுவது, சக்கரம் வழுக்காமல் எவ்வளவு விசை கொடுப்பது என்பதைக் கணினியே பார்த்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. கிளம்பும் தருணத்தின் லாபம் அதிலிருந்து வருகிறது. மனிதக் கால் அதை ஒருமுறை சரியாகச் செய்யலாம். பத்து முறையும் ஒரேபோல் செய்வது கடினம்.

வளைவிலும் லாபம் உண்டு. வளைவின் நடுவே விசை அறுந்தால் காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. மீண்டும் விசை வந்தால் பின்பக்கம் போகிறது. டயரின் பிடிப்பு எல்லைக்கு அருகில் இந்த ஆட்டம் ஆபத்தாகலாம். இரட்டைக் கிளட்ச்சில் விசை தொடர்வதால் கார் அமைதியாக இருக்கிறது. ஆகவே "திறமைசாலி கையில் மேனுவல்தான் வேகம்" என்ற வாதத்துக்கு இனி இடமில்லை. கடிகாரத்தின் முன் இந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது.

அப்படியானால் மேனுவலுக்கு மிச்சம் என்ன?

அந்த இடைவெளியேதான் மிச்சம்.

கீழ்க் கியருக்கு இறங்குவதைப் பாருங்கள். அதே சாலை வேகத்தில் மூன்றில் 4,000 சுற்றில் ஓடும் என்ஜின், இரண்டுக்கு வந்தால் ஏறக்குறைய 5,500 சுற்றுக்கு ஏற வேண்டும். கிளட்ச்சை அப்படியே விட்டால் சக்கரங்கள்தான் என்ஜினை இழுத்து மேலே ஏற்றும். கார் குலுங்கும், பின்சக்கரம் பிடிப்பை இழக்கவும் கூடும். இதைத் தவிர்க்க, கிளட்ச் பிரிந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் தட்டி என்ஜினை 5,500-க்கு உயர்த்திவிட்டு, பிறகு கிளட்ச்சைச் சேர்க்கிறார்கள். வளைவுக்கு முன் பிரேக்கும் பிடிக்க வேண்டும் என்பதால், வலது காலின் ஒரு பகுதி பிரேக்கை அழுத்தியிருக்க, மறுபகுதி ஆக்சிலரேட்டரைத் தட்டுகிறது. மூன்று பெடல்கள், இரண்டு கால்கள், ஒரு கை, எல்லாம் அரை நொடிக்குள். சரியாக அமைந்துவிட்டால் கியர் மாறியதே தெரியாமல் கார் வழுக்கிக்கொண்டு போகும். அந்த நிறைவை நான் மிகைப்படுத்தவில்லை. ஒரு வாத்தியத்தில் கடினமான சங்கதி ஒன்று பிசகாமல் விழும்போது கிடைக்கும் நிறைவுதான் அது. இரட்டைக் கிளட்ச் இதே வேலையைத் தானே செய்கிறது, ஒவ்வொரு முறையும் சரியாகச் செய்கிறது. ஆனால் செய்தது நாம் இல்லை.

இதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். மேனுவலில் நான்காவது கியருக்குப் போக நினைத்து அவசரத்தில் இரண்டாவதில் போட்டுவிட்டால், சக்கரங்கள் என்ஜினை அதன் எல்லையைத் தாண்டிச் சுழற்றிவிடும். என்ஜினைக் காக்கும் சுழற்சிக் கட்டுப்பாடு எரிபொருளைத்தான் நிறுத்தும். சக்கரம் சுழற்றுவதை அதனால் தடுக்க முடியாது. வால்வுகள் வளைந்து என்ஜினே வீணாகலாம். பல போர்ஷே கார்களின் கணினி இப்படி எல்லை மீறிய தருணங்களைப் பதிந்துவைக்கிறது. பழைய கார் வாங்குபவர்கள் அந்தப் பதிவைப் படித்துப் பார்ப்பது வழக்கம். இரட்டைக் கிளட்ச்சில் அப்படி ஒரு கியரைக் கேட்டால் கணினி மறுத்துவிடும்.

இரட்டைக் கிளட்ச்சின் பலவீனங்கள்

இங்கேதான் குடும்பம் எது என்று தெரிந்திருப்பது பயன்படுகிறது. பெடல் இல்லை என்றாலும் உள்ளே உரசும் தட்டுகள் இருக்கின்றன. அடி அடியாக நகரும் நெரிசலிலும், காரை நிறுத்துமிடத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போதும் அவை நழுவிக்கொண்டே இருக்கும். டார்க் கன்வர்ட்டரில் இந்த வேலை எண்ணெய்க்கு; இங்கே தட்டுக்கு. சில கார்கள் மெல்ல நகரும்போது தயங்கித் தயங்கி அசைவது இதனால்தான்.

மேட்டில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி காரை அந்தரத்தில் நிறுத்திவைப்பது சிலரின் பழக்கம். மேனுவலில் அதைச் செய்தால் கிளட்ச் கருகும் என்று எல்லோருக்கும் தெரியும். இரட்டைக் கிளட்ச்சிலும் அதேதான் நடக்கிறது. பெடல் கண்ணுக்குத் தெரியாததால் மறந்துவிடுகிறோம். பிரேக்கைப் பிடியுங்கள். கிளட்ச் தானே பிரிந்துகொள்ளும்.

சூட்டைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. தட்டுகளை எண்ணெயில் மூழ்கவைத்தால் எண்ணெய் சூட்டை எடுத்துச் செல்லும்; இது ஈரக் கிளட்ச். எண்ணெய் இல்லாமல் காற்றிலேயே இயங்குவது உலர் கிளட்ச். எளிமையானது, ஆனால் சூட்டைத் தாங்கும் அளவு குறைவு. ஆற்றல் மிகுந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் ஈர வகையைத்தான் பயன்படுத்துகின்றன. அந்த எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது பராமரிப்பின் முக்கியப் பகுதி.

டார்க் கன்வர்ட்டரும் சும்மா இருக்கவில்லை. பிஎம்டபிள்யூ தன் எம்5, எம்3 கார்களில் சில காலம் இரட்டைக் கிளட்ச் கொடுத்துவிட்டு, பிறகு 8 கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறியது. நவீன ஆட்டோமேட்டிக் அந்த அளவுக்கு வேகமாகிவிட்டது. மெதுவாக நகரும்போது மென்மை அதன் கூடுதல் வரவு. இரட்டைக் கிளட்ச்தான் இறுதி விடை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திரும்பி வந்த பெடல்

2013-இல் போர்ஷே 911 ஜிடி3 காரைப் பிடிகேவோடு மட்டும் வெளியிட்டது. வேகம்தான் அந்தக் காரின் பிழைப்பு. வேகமான கியர் பாக்ஸ் பிடிகே. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாங்குபவர்களில் ஒரு கூட்டம் அதை ஏற்கவில்லை. 2016-இல் 911 ஆர் என்ற கார் மேனுவலோடு மட்டும் வந்தது, மொத்தம் 991 கார்கள். அடுத்த ஆண்டே ஜிடி3-க்கு மேனுவல் திரும்பிவிட்டது, கூடுதல் விலை இல்லாமல். மெதுவானது என்று தெரிந்தே கேட்டார்கள். நிறுவனமும் மெதுவானது என்று எண்களைப் போட்டுச் சொல்லியே விற்கிறது. இரு தரப்பும் உண்மை பேசும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

இதைவிட விசித்திரமான ஒன்று 2022-இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. கோனிக்செக் நிறுவனத்திடம் 9 கியரும் பல கிளட்ச்சுகளும் கொண்ட அதிவேகக் கியர் பாக்ஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஒரு கியரிலிருந்து எந்தக் கியருக்கும் நேரே தாவும்; முன்தேர்வு ஊகம்கூடத் தேவையில்லை. அரை நொடி இடைவெளியை அடியோடு ஒழித்த அந்த இயந்திரத்தில், சிசி850 என்ற காருக்காக, 6 கியர் போடும் மேனுவல் லீவர் ஒன்றையும் ஒரு கிளட்ச் பெடலையும் சேர்த்தார்கள். விரும்பினால் ஆட்டோமேட்டிக்காக ஓட்டலாம். விரும்பினால் பெடலை மிதித்து, லீவரை நகர்த்தி, கிளட்ச்சைச் சேர்த்து ஓட்டலாம். கிளட்ச்சை அவசரப்பட்டு விட்டால் அந்தக் காரின் என்ஜின் அணைந்து நிற்கும். அப்படி நிற்கும்படியேதான் வடிவமைத்திருக்கிறார்கள்.